எடுக்கக்குள்ள இல்லாத ஏணி

இண்டைக்கு விடியக் காலத்தால மட்டக்களப்பு கல்லடியில மீன் வாங்கிக்கொண்டு நிக்கக்குள்ள பேங்க்கில இருந்து மெசேஜ் வந்திச்சு. ஒரு கையில பாரை மீன் பை, மத்தக் கையில போன். 1,400 அவுஸ்திரேலிய டொலர் என்ட கார்ட்டில இருந்து வெட்டியாச்சாம். நம்மட காசுக்கு ரெண்டே முக்கால் லட்சம் வரும். அதுக்கு மேல பேங்க் தன்ட பங்குக்கு வெளிநாட்டுக் கட்டணம் எண்டு ஒண்டு போட்டிருக்கு. மீன்காரர் மிச்சக் காசை நீட்டிக்கொண்டு நிக்கார், அதை வாங்கக்கூட எனக்குக் கை வரல்ல.

அவுஸ்திரேலியாவில வாடகைக்கு எடுத்து ஓடின மோட்டார்ஹோம், கட்டிலும் கழிவறையும் உள்ளுக்கே இருக்கிற வாகனம், அதைக் கொம்பனிக்குத் திருப்பிக் குடுத்து முழுசா அஞ்சு கிழமை. அஞ்சு கிழமையா 'பார்க்கிறம், பார்த்துச் சொல்லுறம்' எண்டு ஈமெயில் போட்டவங்க, நான் கேட்ட ஒரு கேள்விக்கும் பதில் தராமக் காசை எடுத்திட்டாங்க. மோட்டார்ஹோமுக்குக் கூரையில கீறலாம். கூரையில!

வாகனம் வாடகைக்கு எடுத்து வெளிநாட்டில ஓடின ஆக்களுக்கு இந்த இடத்திலயே வயிறு பத்தும். மத்த ஆக்களுக்கும் சொல்லுறன், ஏனெண்டா நாளைக்கு நீங்களும் உங்கட அக்காட வீட்ட, அண்ணன்ட வீட்ட போவீங்க, நீங்களும் எடுப்பீங்க.

மெல்பேர்ண்ல இருக்கிற அக்காக்கு நெடுநாள் ஆசை, எல்லாருமாச் சேந்து மேற்குக் கரையில இருக்கிற பேர்த் வரைக்கும் ரோட்டால போகணும் எண்டு. அத்தானுக்கு பைபாஸ் செய்தது, தூர ஓட்டம் ஏலாது. மருமகனுக்கு இருபது வயசு, 21 ஆகாத ஆளுக்குக் கொம்பனி சாவி குடாது. அப்ப நான்தான். கொழும்புக்கு இரவு பஸ்ஸில போய் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்தேன். ஓடுற ஆள்ட பேர்லதான் கார்ட்டும் இருக்கணும் எண்டாங்க, என்ட கார்ட்டைக் குடுத்தேன். 3,000 டொலர் பிணைக்காசு எண்டு பிடிச்சு வச்சாங்க. ஒன்லைன்ல புக் பண்ணக்குள்ள காட்டின நாள் வாடகையும் கடைசியில வந்த பில்லும் ரெண்டு வேற கணக்கு. ஒரு ஊர்ல எடுத்து மத்த ஊர்ல விடுறதுக்கு ஒரு காசு, கட்டில் விரிப்புக்கு ஒரு காசு, வெளியில வச்சு இருக்கிற மடிப்புக் கதிரைக்கு ஒரு காசு. அதெல்லாம் போகட்டும். கவுண்டர்ல நிண்ட பிள்ளை "இதையும் எடுத்தீங்கண்டா ஒண்டுக்கும் பயப்படத் தேவையில்ல" எண்டு நாளைக்கு 45 டொலர்படி ஒரு காப்பு, வாகனச் சேதத்துக்கான காப்புறுதி, வித்தா. பதினாலு நாளைக்கு 630 டொலர். ஒண்டுக்கும் பயப்படத் தேவையில்ல எண்டு சொன்ன வாய் அந்த வாய்தான். எனக்கு இப்பவும் காதுக்குள்ள கேக்குது.

இனி நான் சொல்லப்போறத வடிவாக் கேளுங்க.

வாகனத்தக் கையில தரக்குள்ள நடந்தது இது. எங்களுக்கு முன்னால மூணு குடும்பம், பின்னால ரெண்டு குடும்பம். ஒரு ரீவியில வீடியோ போட்டாங்க: கழிவறைக் கசெட்டை, அதுதான் கழிவு சேருற பெட்டியை, எப்படி உருவுறது, பாவிச்ச தண்ணித் தாங்கியை எங்க திறந்து விடுறது, காஸ் சிலிண்டரை ஓடக்குள்ள ஏன் பூட்டி வைக்கணும். மறுகா ஒருத்தர் வந்து வாகனத்தச் சுத்தி ஒரு நடை. கையில ஒரு தாள். தாள்ல வாகனத்தின்ட படம் கீறியிருக்கு. முன்பக்கம், பின்பக்கம், இடது, வலது. நாலு படம். கீறல் இருக்கிற இடத்துக்குப் புள்ளடி போடணும். வலப்பக்கக் கதவுக்குக் கீழ ரெண்டு, பின் பம்பர்ல ஒண்டு, நானே காட்டிக் காட்டிப் போடுவிச்சேன். அந்தத் தாள் இப்பவும் என்ட பாஸ்போட் உறைக்குள்ள மடிச்சபடி இருக்கு. இந்தா, எழுதக்குள்ள எனக்கு முன்னால விரிச்சு வச்சிருக்கன். நாலு படம்தான். அஞ்சாவது படம் இல்ல. கூரைக்குப் படமே இல்ல! படமில்லாத இடத்தில நான் எங்க புள்ளடி போடுற? 3.4 மீற்றர் உயர வாகனத்தின்ட உச்சியை நான் மெல்பேர்ண் வெயில்ல குதிச்சுக் குதிச்சா பார்க்கிற?

அப்ப அங்க ஏணி இல்ல. அதை மறந்திடாதீங்க.

மறுகா ஓட்டம். அதைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒண்டும் இல்ல. நம்மட நாட்டைப்போல இடப்பக்க ஓட்டம்தான், கை பழக அரை நாள்தான் போச்சு. கிரேட் ஓஷன் ரோட் 243 கிலோமீற்றர், முதலாம் உலக யுத்தத்தில இருந்து திரும்பி வந்த சிப்பாய்மார் 1919ல தொடங்கி 1932 வரைக்கும் பிக்காசாலயும் மண்வெட்டியாலயும் வெட்டின ரோட். மவுண்ட் கேம்பியர், அடிலெய்ட், போர்ட் ஒகஸ்டா, செதுனா. அங்கால நல்லர்போர் வெளி. மேற்கு அவுஸ்திரேலியா மாநில எல்லையில பழம், காய்கறி, தேன் ஒண்டும் மேற்குப் பக்கம் கொண்டுபோக விடமாட்டாங்க எண்டு தெரிஞ்சு, அக்கா முதல் நாள் இரவே இருந்த கத்தரிக்காய், வெண்டிக்காய் எல்லாத்தையும் ஆக்கி முடிச்சிட்டா. பலடோனியாக்கும் கைகுனாக்கும் இடையில ரோட் 146.6 கிலோமீற்றர் ஒரு வளைவு இல்லாம நேராக் கிடக்கு. கல்லடியில ஏறி பொத்துவில் போற தூரத்தையும் தாண்டி, ஸ்டியரிங் திருப்ப வேலையில்ல. அத்தான் முன் சீட்டில இருந்து கண்ணை எடுக்காமப் பார்த்துக்கொண்டே வந்தார். பைபாஸுக்குப் பிறகு அவர் அப்பிடிச் சந்தோசமா இருந்து நான் பார்த்தது அந்தப் பதினாலு நாள்தான். மொத்தமா மூவாயிரத்தைந்நூறு கிலோமீற்றருக்கு மேல. மட்டக்களப்பில இருந்து கொழும்புக்கு அஞ்சு தரம் போய் வந்தாலும் அந்தத் தூரம் வராது.

அவ்வளவு தூரத்திலயும் கூரையில ஒரு இலை முட்டல்ல. கண்ணாடிக்கு மேல உயரத்தை எழுதி ஒட்டியிருக்கு. ஒவ்வொரு பெற்றோல் செட்டுக்குள்ள நுழையக்குள்ளயும் மருமகன் இறங்கி முன்னால நடப்பான், மேல பார்த்து "வாங்க மாமா, வாங்க மாமா" எண்டு கையை ஆட்டுவான், அதுக்குப் பிறகுதான் நான் கியர் போடுவேன். கங்காரு பாயும், இரவில ஓடினாக் காப்புறுதி இல்ல எண்டு எழுதியிருந்ததால அஞ்சு மணிக்கு மேல வாகனத்தத் தொடல்ல. மண் ரோட்டில இறங்காத எண்டு எழுதியிருந்த, இறங்கல்ல. நல்லர்போர் எண்ட பேருக்கே லத்தீன்ல மரம் இல்ல எண்டுதான் அர்த்தம். மரமே இல்லாத வெளியால ஓடி வந்த வாகனத்தின்ட கூரையை எது வந்து கீறின?

இனி பேர்த். காலமை பத்தரை. அக்கா விடிய நாலு மணிக்கு எழும்பி உள்ளுக்குக் கூட்டித் துடைச்சவ. கட்டிலுக்கு அடியில கிடந்த கடற்கரை மண்ணைக் கையால அள்ளினவ. கழிவறைக் கசெட்டை நான் கொண்டுபோய் கொட்டுற இடத்தில கொட்டிக் கழுவி, மருந்தும் விட்டு வச்சேன். டீசல் கழுத்து முட்ட அடிச்சு ரிசீற்றும் கையில. கொம்பனிப் பொடியன் ஒருத்தன் வந்தான், கையில டப், அந்தத் தட்டைக் கணினி. உள்ளுக்கு ஏறவே இல்ல. அக்கா கதவைத் திறந்து பிடிச்சுக்கொண்டு நிக்கா, அவன் பார்க்கல்ல. டீசல் முள்ளைப் பார்த்தான். நாலு பக்கமும் நடந்தான். பின் பம்பருக்குக் கிட்டக் குனிஞ்சான், அங்க ஏற்கனவே புள்ளடி இருக்கு, நிமிர்ந்தான். எல்லாம் சரி எண்டுதான் நாங்க நினைச்சம். அத்தான் பையைத் தூக்கித் தோள்ல போட்டிட்டார்.

மறுகா அவன் கட்டடத்துக்குப் பின்னால போனான். போய், ஏணியோட வந்தான்.

அலுமினிய ஏணி. ஆறு படி. ஒரு காலுக்கு மஞ்சள் டேப் சுத்தியிருந்த. அதை வாகனத்தின்ட இடப்பக்கம், முன் மூலையில கொண்டுபோய் நேரா வச்சான். நல்லாக் கவனியுங்க, சுத்திச் சுத்தித் தேடல்ல. வலப்பக்கம் வைக்கல்ல, பின்னுக்கு வைக்கல்ல. இடப்பக்க முன் மூலையில வச்சான், ஏறினான், நாலாம் படியில நிண்டான், டப்பால ரெண்டு போட்டோ எடுத்தான், இறங்கினான். ஒரு நிமிசம் கூட இல்ல. எங்க இருக்கு எண்டு தெரிஞ்ச ஆள்தான் அப்பிடிப் போவான்! "கூரையில கீறல் இருக்கு" எண்டான். நானும் ஏறிப் பார்க்கப்போறன் எண்டேன். பாதுகாப்புக் காரணத்தால வாடிக்கையாளரை ஏத்த ஏலாதாம். அப்ப நான் எப்பிடிப் பார்க்கிற? போட்டோ அனுப்புவாங்களாம். காப்பு எடுத்திருக்கேனே, 630 டொலர் கட்டியிருக்கேனே எண்டேன். கூரையும் அடிப்பாகமும் அந்தக் காப்புக்குள்ள வராதாம். பதினேழாம் பக்கத்தில எழுதியிருக்காம். அந்தப் பதினேழாம் பக்கத்தைக் கவுண்டர்ல இருந்த பிள்ளை எனக்குத் திறந்து காட்டினவவா? டப்பில கடைசிப் பக்கத்தைத் தட்டி "இஞ்ச ஒரு சைன்" எண்டுதானே சொன்னவ! பின்னால ரெண்டு குடும்பம் சூட்கேஸோட நிக்கக்குள்ள முப்பது பக்கத்தை எந்த மனிசன் வாசிப்பான்?

போட்டோ வந்தது பத்து நாளைக்குப் பிறகு. வந்தோடன பெருசாக்கிப் பார்த்தேன். என்ட விரல் நீளத்துக்குக் கீறல். கீறலுக்குள்ள சாம்பல் நிறத்தில ஒரு பூச்சு. நான் கல்லடியில பதினெட்டு வருசமா ஹார்ட்வெயார் கடை வச்சிருக்கன். வெடிப்பு அடைக்கிற சிலிக்கன் ரியூப் நாளைக்கு நாலாவது விக்கிறன். புதுச் சிலிக்கன் எப்பிடி இருக்கும், ரெண்டு மழையும் வெயிலும் பட்ட சிலிக்கன் எப்பிடி இருக்கும் எண்டு எனக்கு ஆரும் சொல்லித் தரத் தேவையில்ல. அது கறுத்து, ஓரம் உரிஞ்சு, தூசி பிடிச்சு இறுகிப்போன சிலிக்கன். எனக்கு முன்னம் ஆரோ கீறி, அதுக்கு ஆரோ காசு கட்டி, கொம்பனி ரெண்டு டொலர் சிலிக்கனைப் பூசிப்போட்டு, திரும்ப ஓட விட்டிருக்கு! அந்த ஒரு கீறலுக்கு எத்தினை குடும்பம் கட்டினது? அதை வட்டம் போட்டு அனுப்பிக் கேட்டேன். எடுக்கிற நாளைக்கு முந்தின கூரைப் போட்டோ இருந்தா அனுப்புங்க எண்டு கேட்டேன். மூண்டு தரம் கேட்டேன். பதில் இல்ல. இண்டைக்கு வந்த மெசேஜ்தான் பதில்.

நம்மட ஊர்ல கல்யாண வீட்டுக்குச் சாமான் வாடகைக்கு விடுற கடைக்குப் போங்க. கிடாரத்தை உங்களுக்கு முன்னால கவிழ்ப்பான், மணிக்கட்டால தட்டிக் காட்டுவான், "இந்தா அண்ணன், இஞ்ச ஒரு நெளிவு இருக்கு, எழுதுறன்" எண்டு கொப்பியில எழுதுவான். கதிரை அம்பது எண்டா அம்பதும் எண்ணித்தான் தருவான். திருப்பிக் கொண்டுபோனா அதே கொப்பியைத் திறந்து அதே இடத்தைத் தடவிப் பார்ப்பான். கணினி இல்ல, டப் இல்ல, முப்பது பக்க ஒப்பந்தம் இல்ல. நானூறு ரூபா வாடகைக் கிடாரத்துக்கு இருக்கிற நேர்மை, ஒரு லட்சம் டொலர் வாகனத்துக்கு ஏன் இல்ல? நாங்க திருப்பிக் குடுக்கக்குள்ள ஏணி வைக்கத் தெரிஞ்ச உனக்கு நாங்க எடுக்கக்குள்ளயும் ஒருக்கா வைக்க எத்தினை நிமிசம் ஆகும்?

அக்கா போன்ல அழுறா. "என்னாலதானே தம்பி, நான்தானே கேட்டேன்" எண்டு. ரெண்டே முக்கால் லட்சம் போனது ஒரு பக்கம். வாழ்க்கையில ஒருக்காப் போன பயணம், அத்தான் அப்பிடிச் சிரிச்ச பதினாலு நாள், இப்ப அதைப் பற்றிக் கதைச்சாலே அக்கா மன்னிப்புக் கேக்கிற நிலைமைக்குக் கொண்டுவந்து விட்டிருக்காங்களே, அதுக்கு ஆர் காசு தாற?

கையில மீன் பையோடயே டவுனுக்குப் போனேன், பேங்க்குக்கு. இந்த வெட்டை எதிர்த்து முறைப்பாடு போடலாம், படிவம் இருக்கு எண்டாங்க. நாப்பது நிமிசம் இருந்து வாங்கினா ஒரு பக்கம் இங்கிலீஷ், மத்தப் பக்கம் சிங்களம். "தமிழ்ல இல்லையா தங்கச்சி?" "தமிழ்ல வரல்ல அண்ணன், இதையே நிரப்புங்க." மட்டக்களப்பு டவுன்! கவுண்டர்ல இருக்கிற பிள்ளை தமிழ், வரிசையில நிக்கிற அவ்வளவு பேரும் தமிழ், வாசல்ல நிக்கிற செக்கியூரிட்டி தமிழ். 1987ல அரசியலமைப்புக்கு 13ஆம் திருத்தம் வந்து தமிழும் அரச கரும மொழி ஆகி எத்தினை வருசம்? எனக்குப் பக்கத்தில நிண்ட ஆரையம்பதி அம்மா ஒரு ஆள், மகன் கட்டார்ல இருந்து அனுப்பின காசு வரல்ல எண்டு அதே மாதிரி ஒரு படிவத்தைக் கையில வச்சு, மேலும் கீழும் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிக்கா. அவவுக்கும் நான்தான் நிரப்பிக் குடுத்தேன். அதுவும் என்ட பேனையால. பேங்க் மேசையில பேனை இல்ல, பேனை கட்டின நூல் மட்டும் தொங்குது.