ஸ்காட்ச் கலரை வச்சு வயசு சொல்ல முடியாதுங்க

"ஸ்காட்ச் விஸ்கி எவ்ளோ டார்க்கா இருக்கோ அவ்ளோ பழசு"ன்னு மேல ஒரு நண்பர் போட்டிருக்காரு, நிறைய பேர் அதை அப்படியே ஷேரும் பண்றாங்க. தப்பா எடுத்துக்காதீங்க ப்ரோ, அது சரியில்ல. காய்ச்சி வடிச்சு எடுக்கும்போது விஸ்கி தண்ணி மாதிரி நிறமே இல்லாமத்தான் இருக்கும், கலர் ஓக் மரப் பீப்பாய்ல இருந்துதான் ஏறுது, அதுலயும் முன்னாடி ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாய்னா சில வருஷத்துலயே செமயா டார்க் ஆயிடும், ஆனா ரெண்டு மூணு தடவை யூஸ் பண்ணின பழைய பீப்பாய்ல 20 வருஷம் கிடந்தாலும் வெளிர் மஞ்சளாவே இருக்கலாம். இது போக இ150ஏ-ன்னு ஒரு கேரமல் கலர் சேர்க்கவும் சட்டமே அனுமதிக்குது.

நம்பலைன்னா பிரிட்டன் அரசோட சட்ட வெப்சைட்ல 'ஸ்காட்ச் விஸ்கி ரெகுலேஷன்ஸ் 2009' இலவசமாவே இருக்கு, படிச்சுப் பாருங்க. ஜெர்மனியில விக்கிற பாட்டில் கிடைச்சா லேபிளைப் பாருங்க, கலர் சேர்த்திருந்தா 'மிட் ஃபார்ப்ஷ்டாஃப்'னு போட்டிருக்கும், அதாவது நிறமி சேர்த்தது. வயசு தெரியணும்னா லேபிள்ல இருக்கிற நம்பரை மட்டும் பாருங்க, 12-ன்னு இருந்தா அதுல கலந்திருக்கிறதுலயே இளசான விஸ்கிக்கே குறைஞ்சது 12 வருஷம். கலரைப் பாத்து யாரும் கூட காசு குடுத்து ஏமாந்துடாதீங்க, அதுக்குத்தான் இவ்ளோ சொல்றேன்.