யாருடைய சமாதி என்று கேட்பதற்கு முன்

பழைய மண்மேடு ஒன்றின் படத்தை யாராவது போட்டால் போதும், கீழே வரும் முதல் கேள்வி "யாருடைய சமாதி இது?" என்பதுதான். அடுத்தது புதையல். இந்த அவசரம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. இதே அவசரம்தான் ஒரு குன்றின் உச்சியையே உள்வாங்க வைத்தது.

இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் இருக்கும் சில்பரி குன்றைச் சொல்கிறேன். கி.மு. 2400 வாக்கில் மனிதர்கள் கையால் குவித்தது. சில் என்ற அரசன் குதிரையோடு உள்ளே புதைந்திருக்கிறான் என்று ஒரு கதை. 1776இல் உச்சியிலிருந்து அடிவரை செங்குத்தாகக் குழி தோண்டினார்கள். 1849இல் பக்கவாட்டில் ஒரு சுரங்கம். 1968இல் இன்னொன்று. அரசனும் இல்லை, குதிரையும் இல்லை, ஓர் எலும்புக்கூடு கூடக் கிடைக்கவில்லை. ஆனால் 2000ஆம் ஆண்டு அந்தப் பழைய குழி உள்ளே சரிந்து, உச்சியில் பெரிய பள்ளம் விழுந்தது.

சரி, சமாதி இல்லையென்றால் கோட்டையா? பக்கத்திலேயே மார்ல்பரோவில் 19 மீட்டர் உயரத்தில் ஒரு மேடு இருக்கிறது. அதன்மேல் நார்மன்கள் காலத்தில், அதாவது 11ஆம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்தவர்கள் காலத்தில், கோட்டை இருந்தது, அதனால் மேடும் நார்மன்கள் போட்டதுதான் என்று பலரும் நம்பினார்கள். பிறகு 2010இல் மேலிருந்து மெல்லிய துளை போட்டு மண்ணை எடுத்தார்கள். அதிலிருந்த கரித்துண்டுகளைக் காலக்கணிப்பு செய்தால், அதுவும் கி.மு. 2400! மூவாயிரம் ஆண்டுக்கு மேல் பழைய மேட்டில்தான் நார்மன்கள் குடியேறியிருக்கிறார்கள். மேலே நிற்பதை வைத்து அடியில் இருப்பதற்கு வயது சொன்னால் இப்படித்தான் ஆகும். கையளவு கரி சொன்னதை அத்தனை காலம் யாரும் கேட்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், "எதற்காக?" என்பதைக் கொஞ்சம் தள்ளிவைத்து "எப்படி?" என்று முதலில் கேட்போம். 2007இல் சேதத்தைச் சரிசெய்ய சில்பரியின் பழைய சுரங்கத்தை மறுபடி திறந்தபோது அகழாய்வாளர்கள் செய்தது அதைத்தான். நட்ட நடுவில் இருந்தது ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாத சரளைக் குவியல். அதன்மேல் புல்லோடு பெயர்த்த மண்கட்டிகள், அப்புறம் அடுக்கடுக்காகச் சீமைச்சுண்ணாம்புப் பாறைத் துண்டுகள். அந்தப் புல்லும் பாசியும் காற்றுப்படாமல் மூடிக்கிடந்ததால் நாலாயிரம் ஆண்டுக்குப் பிறகும் அடையாளம் தெரிந்தது. ஒரே வரைபடத்தை வைத்து ஒரே மூச்சில் கட்டியதில்லை அது. சின்னச் சின்னக் கட்டங்களாக, கிட்டத்தட்ட நூறு ஆண்டு வளர்ந்திருக்கலாம்.

எனக்கு இதுதான் பெரிய விஷயம். கடைசியில் நிற்கும் வடிவத்தைப் பார்த்து நோக்கத்தைத் தேடுகிறோம், ஆனால் அந்த வடிவம் தொடங்கியவர்கள் மனத்திலேயே இல்லாமல் இருந்திருக்கலாம். கூடிவந்து மண் சுமப்பதே அவர்களுக்கு முக்கியமாக இருந்திருக்கலாம் என்ற கருத்தைத்தான் நான் நம்புகிறேன். மான்கொம்பால் பாறையைப் பெயர்த்துச் சுமந்தவர்கள் அவர்கள். முதல் சரளையைக் கொட்டியவர் இந்தக் குன்றை முழுதாகப் பார்க்காமலேயே போயிருக்கலாம்.