ஒரு டாலர் முப்பது டாலராகப் பெருகுமா?

"பயன்மிக்க கொடையை ஊக்குவிக்கும் அமைப்புக்கு ஒரு டாலர் கொடுத்தால், அது 30 டாலராகப் பெருகி ஏழைகளைச் சென்றடையும்" என்ற கூற்று பரவி வருகிறது. இந்த எண் கற்பனையல்ல. அதற்குச் சொல்லப்படும் பொருள்தான் தவறு.

ஆக்ஸ்ஃபோர்டில் 2009-இல் தொடங்கப்பட்ட 'கிவிங் வாட் வி கேன்' அமைப்பு, வருமானத்தில் குறைந்தது 10 விழுக்காட்டைக் கொடையாக அளிக்கும் உறுதிமொழியைப் பரப்பி வருகிறது. 2020 முதல் 2022 வரையிலான தன் பணியை அதுவே மதிப்பிட்டபோது, செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் ஏறத்தாழ 30 டாலர் கொடை விளைந்ததாகக் கணித்தது. எச்சரிக்கையான கணிப்பிலோ அது 9 டாலர்தான். இது கடந்த செலவுக்கான சராசரியே. இனி வரும் டாலரும் அவ்வளவு ஈட்டும் என்று பொருளில்லை.

இக்கணக்கின் உயிர்நாடி, உறுதிமொழி இல்லாவிட்டாலும் கொடையாளர் கொடுத்திருப்பாரா என்ற கேள்வியில் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, 5,000 டாலர் கொடுக்கும் ஒருவர் எப்படியும் 3,000 டாலர் கொடுத்திருப்பார் என்றால், அமைப்பின் கணக்கில் 2,000 மட்டுமே சேர வேண்டும். அந்த 3,000-த்தைக் கொடையாளரிடம் கேட்டே அறிகிறார்கள்; நடக்காத ஒன்றைப் பற்றி, அதுவும் தன்னைப் பற்றியே, எவரால் துல்லியமாகச் சொல்ல முடியும்? போதாக்குறைக்கு, உறுதிமொழியின் பயனில் பெரும்பகுதி வருங்காலக் கொடைகளிலிருந்தே வருவதால், எத்தனை பேர் இடையில் விலகுவார்கள் என்ற ஊகத்தைச் சற்றே மாற்றினாலும் விடை வெகுவாக மாறிவிடும்.