கல்லூரியில் மேஜரை (முதன்மைப் பாடத்தை) மாற்றினால் எல்லாம் வீணா?

"மேஜரை மாற்றினால் படித்த கிரெடிட் (பாடத்தை முடித்தால் பட்டக் கணக்கில் சேரும் அலகு) அத்தனையும் போச்சு, இரண்டாவது டிகிரி என்றால் மறுபடி முழுசாக நான்கு வருடம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் பிடிக்காத படிப்பிலேயே கிடந்து தவிக்கக் கூடாது.

கிரெடிட் முறை உள்ள இடங்களில் மொழி, கணிதம் மாதிரியான பொதுப் பாடங்கள் பெரும்பாலும் புதிய மேஜருக்கும் பொருந்தும். பழைய துறைப் பாடங்கள் பல விருப்பப் பாடக் கணக்கில் சேரும். உண்மையில் காலத்தைத் தின்பது முன்தேவைப் பாடங்களின் சங்கிலிதான். வேதியியலிலிருந்து கணினி அறிவியலுக்கு வருகிறவர் நிரலாக்க அறிமுகத்தை முடிக்காமல் தரவுக் கட்டமைப்பு எடுக்க முடியாது. அதை முடிக்காமல் அல்காரிதம் கிடையாது. பாக்கி மூன்றே பாடம், ஆனால் மூன்று பருவம் ஓடிவிடும். அதனால் கிரெடிட்டை எண்ணுவதற்கு முன் இந்தச் சங்கிலியை ஒரு தாளில் வரைந்து பாருங்கள்.

இரண்டாவது டிகிரியும் அப்படித்தான். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கூடுதலாகக் குறைந்தது 30 கிரெடிட், அதோடு புதிய துறையின் கட்டாயப் பாடங்கள், அவ்வளவுதான் கேட்கிறார்கள். பணத்தில்தான் கவனம் தேவை: அங்கே வசதி குறைந்த மாணவர்களுக்கு அரசு தரும் பெல் உதவித்தொகை ஏற்கெனவே இளநிலைப் பட்டம் பெற்றவருக்குப் பொதுவாகக் கிடைக்காது.

அப்புறம், சில முதுநிலைப் படிப்புகள் வேறு துறையினரையும் இணைப்புப் பாடங்களோடு (விடுபட்ட அடிப்படையை ஈடுகட்டும் பாடங்கள்) சேர்த்துக்கொள்கின்றன. இரண்டாவது இளநிலைக்கு விண்ணப்பிக்கும் முன் அதையும் விசாரித்துவிடுங்கள்.