பிந்தினது தம்பி இல்லை, பெட்டி

போன மாதம் ஒரு மிருதங்கக்காரத் தம்பியைப் பார்த்து "உனக்குக் காலப்பிரமாணம் நிக்குதில்லை" என்று சொல்லிவிட்டேன். சொன்னது முழுப்பிழை. அவனிடம் போனில் மன்னிப்புக் கேட்டாயிற்று. ஆனால் அன்று அறையில் வேறு மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் கண்ணிலும் படட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

திருகோணமலைப் பக்கம் உப்புவெளியில் எங்கள் வீட்டுப் பின்னறைதான் என் ஸ்டூடியோ. ஒரு லப்டொப், இரண்டு மைக் செருகக்கூடிய ஓடியோ இன்டர்ஃபேஸ் (மைக் சத்தத்தை லப்டொப்புக்குள்ளும், லப்டொப் சத்தத்தை ஹெட்ஃபோனுக்கும் கொண்டுபோகிற பெட்டி), சுவரில் சாத்தின பழைய மெத்தைகள். பதியும்போது ஃபானை நிறுத்த வேண்டும், இந்த வெக்கையில் பத்து நிமிடத்துக்கு மேல் ஒருவரும் தாங்க மாட்டார்கள். தம்பி நிலாவெளியிலிருந்து பஸ்ஸில், மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தவன். ஏற்கெனவே பதிந்திருந்த பாட்டுக்கு மேல் ஆதி தாளத்தில் வாசித்தான். இன்னொரு ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் கச்சிதமாகவே பட்டது. திரும்பப் போட்டால் ஒவ்வொரு அடியும் கிளிக்குக்கு (காலம் பிடிக்க ஓடவிடுகிற டிக்-டிக் சத்தம்) பின்னால் இழுபட்டுக் கிடக்கிறது.

"தம்பி, கொஞ்சம் முந்தி வாசி பாப்பம்."

இரண்டாவது தடவையும் அதே கதை. மூன்றாவதில் அவன் வேண்டுமென்றே முந்தப் போய், வாசிப்பே கெட்டுப்போனது. சேர்ட் முழுக்க நனைந்து, முகம் சுருங்கி, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

நான் இயந்திரத்தைச் சந்தேகிக்காததற்கு ஒரு காரணம் இருந்தது. டைரக்ட் மொனிட்டர் போட்டிருந்தேன். அதாவது, மைக்கில் விழுகிற சத்தம் கொம்பியூட்டருக்குள் போய்ச் சுற்றாமல், பெட்டிக்குள்ளேயே நேராக ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும். தாமதம் காதுக்குத் தெரியாது. காதுக்குத் தெரியாவிட்டால் தாமதமே இல்லை என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் சறுக்கினேன்.

பாட்டு லப்டொப்பை விட்டு வெளியே வரும்போதே கொஞ்சம் பிந்தித்தான் அவன் காதுக்கு வருகிறது. அதற்குச் சரியாக அவன் அடிக்கிறான். அந்த அடி உள்ளே போய்ச் சேர இன்னும் கொஞ்சம் பிந்துகிறது. போக ஒன்று, வர ஒன்று. இது சொஃப்ட்வெயாருக்கும் தெரியும். பதிந்ததை அந்தளவுக்கு முன்னே இழுத்துத்தான் வைக்கும். எவ்வளவு இழுப்பது என்பதை ட்ரைவரிடம், அதாவது பெட்டியையும் கொம்பியூட்டரையும் பேசவைக்கிற சின்ன மென்பொருளிடம், கேட்கும். ட்ரைவர் குறைத்துச் சொன்னால் மிச்சம் அப்படியே ட்ராக்கில் கிடக்கும். பழி வாசித்தவன் தலையில்.

இந்தக் கதையை எடுத்தால் எங்கள் ஆட்கள் சொல்வது இரண்டு. ஒன்று, "பஃபரைக் குறை". பஃபர் என்பது கிணற்று வாளி மாதிரி, சத்தத்தை அதில் நிரப்பி நிரப்பித்தான் கொம்பியூட்டர் எடுக்கும். செக்கனுக்கு 44,100 சாம்பிள் (சத்தத்தின் சின்னத் துண்டு) என்ற வேகத்தில், 1024 சாம்பிள் வாளி நிரம்ப 23 மில்லிசெக்கன் பிடிக்கும். 128 என்றால் 3 கூட இல்லை. ஆனால் சின்ன வாளியால் ஓயாமல் அள்ள வேண்டும். என் லப்டொப் 64இல் கடுகு வெடிக்கிற மாதிரிப் பொரிகிறது. அதோடு, பஃபரைக் குறைத்தாலும் ட்ரைவர் சொல்லுகிற பொய் திருந்தாது.

மற்றது, "புது இன்டர்ஃபேஸ் வாங்கு". இதில்தான் எனக்குக் கோபம். சத்தமே மெதுவான சாமான். எங்கள் ஊர்ச் சூட்டில் ஒரு மில்லிசெக்கனுக்கு ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர்தான் போகும். டச்சுபே கடற்கரையில் பொடியன்கள் கிரிக்கெட் விளையாடுவதைத் தூர நின்று பாருங்கள். பந்து எழும்பின பிறகுதான் 'டக்' கேட்கும். கோயில் வீதியில் தவிலும் நாதஸ்வரமும் பத்தடி தள்ளி நின்றால் 9 மில்லிசெக்கன் போய்விடும். அதைக் கேட்டு யாராவது மேளம் சேரவில்லை என்றார்களா? காதில் விழுகிற ஐந்து, பத்து மில்லிசெக்கனுக்காகக் கடன்பட்டுப் பெட்டி மாற்றுவது வீண்செலவு. (புளூடூத் ஹெட்ஃபோனோடு பாட வருகிறவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அது 100ஐயும் தாண்டும். வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.)

எனக்குத் தேவைப்பட்டது இரவல் வாங்கின ஒரு சின்ன வயர். இன்டர்ஃபேஸின் அவுட்புட்டை அதே இன்டர்ஃபேஸின் இன்புட்டில் செருகினேன். டைரக்ட் மொனிட்டரை நிறுத்தினேன். நிறுத்தாவிட்டால் சத்தம் சுற்றிச் சுற்றிக் கூவும். கிளிக்கை ஓடவிட்டுப் புது ட்ராக்கில் பதிந்து, பெருப்பித்துப் பார்த்தேன். பதிந்த கிளிக் 1,387 சாம்பிள் பின்னால் கிடந்தது. 31 மில்லிசெக்கன். தம்பியை முப்பத்தைந்து அடி தள்ளி, வேலிக்கு அங்கால் இருத்தி வாசிக்கவிட்ட மாதிரி!

குற்றவாளி, பெட்டிக்குரிய ட்ரைவரைப் போடாமல் நான் சோம்பலில் போட்டு வைத்திருந்த ஒரு பொது ட்ரைவர். உரியதைப் போட்டுத் திரும்ப அளந்தேன். அப்போதும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நான் பதிகிற சொஃப்ட்வெயார் ரீப்பரில், ரெக்கோர்டிங் செட்டிங்கில் அந்தக் கணக்கை எழுத இடம் இருக்கிறது, எழுதினேன். ஓடாசிட்டி என்ற மற்ற சொஃப்ட்வெயாரைப் பாவிக்கிறவர்களுக்கும் அப்படி ஓர் இடம் உண்டு. அதில் ஏற்கெனவே -130 மில்லிசெக்கன் என்று போட்டிருக்கும். அது பொதுவாகப் போட்ட எண், உங்கள் மெஷினை அளந்து போட்டதில்லை. ட்ரைவர், பஃபர், சாம்பிள் ரேட் எதை மாற்றினாலும் வயரை எடுத்து மறுபடி அளவுங்கள். கால் மணித்தியால வேலை.

கீபோர்ட்காரர் ஒருவர், எந்தக் கட்டையை அமத்தினது என்ற தகவலை மட்டும் லப்டொப்புக்குக் கொண்டுபோகிற மிடி வயரைச் சந்தேகிக்கிறார். அதில் ஒரு சுரம் போக ஒரு மில்லிசெக்கன்கூட எடுக்காது. பிந்துவது லப்டொப் சத்தம் உண்டாக்குகிற இடத்தில். கீபோர்டின் சொந்தச் சத்தத்தையே லைன் அவுட்டில் எடுத்துப் பதியுங்கள் அண்ணா.

தம்பிக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டான்.

"அப்ப அண்ணா, நான் முதலாவதா வாசிச்சது சரியா இருந்ததுதானே? அதை 31 முன்னுக்கு இழுத்தா காணும்தானே?"

காணும்தான். ஆனால் அதை அன்றைக்கே, அவன் பஸ் ஏற முன்னமே, அழித்துவிட்டேன்.