பனி தடையல்ல, சேறுதான் தடை

'குடியேற்றக் கால அமெரிக்காவில் பனி விழுந்தால் கோச்சு வண்டிகள் (பயணிகளை ஏற்றும் குதிரை வண்டிகள்) நின்றுவிடும், வசந்தம் வரை யாரும் ஊர் தாண்ட மாட்டார்கள்' என்று ஒருவர் படத்தோடு ஒரு பதிவு எழுதியிருக்கிறார். அது சரியல்ல. சக்கரம் நின்றது உண்மைதான். ஆனால் பயணம் நிற்கவில்லை. இறுகிய பனியில் சறுக்கு வண்டி வழுக்கிக்கொண்டு போகும். பாரம் இழுக்க அதைவிட நல்ல பாதை கிடையாது. பனி உருகும் மாதச் சேறுதான் உண்மையான எதிரி.

அமெரிக்க விடுதலைப் போரில் பீரங்கிப்படை அதிகாரியான ஹென்றி நாக்ஸ் 1775 டிசம்பரில் நியூயார்க்கின் டைகாண்டரோகா கோட்டையிலிருந்து பாஸ்டன் பக்கம் சுமார் 60 டன் பீரங்கிகளைக் கொண்டுபோனபோது, பனிக்காகக் காத்துக் கிடந்தார்! ஹட்சன் ஆற்றின் பனிக்கட்டியில் ஓட்டை போடச் சொன்னார். மேலே வழிந்த தண்ணீர் உறைந்து கட்டி தடிமனாகும். அப்படியும் ஆல்பனி ஊரருகே ஒரு பீரங்கி பனிக்கட்டி உடைந்து ஆற்றுக்குள் போய்விட்டது, அப்புறம் தூக்கிவிட்டார்கள்.

அப்புறம், அந்தப் பதிவில் போட்டிருக்கும் படம் கான்கார்டு கோச்சு என்ற வகை வண்டி. அது 1827இல்தான் வந்தது, குடியேற்றக் காலம் முடிந்து வெகுநாள் கழித்து.