பச்சை டிக்கும் ஐந்து டம்ளரும்

எங்கள் தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குழுவில் ஒரு தோழி கேட்டிருந்தார்: "பையன் ஸ்கூல்ல ஏபி கம்ப்யூட்டர் சயின்ஸ் ஏ கிடையாது. ஆன்லைன்ல எடுக்கலாமா?" பத்தே நிமிடத்தில் எட்டுப் பேர் "தாராளமா" என்று சொல்லிவிட்டார்கள். அதில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் இன்னும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. நானும் பதில் எழுத ஆரம்பித்தேன். அனுமார் வால் மாதிரி நீண்டதால் இங்கே கொண்டுவந்துவிட்டேன். தெரியாதவர்களுக்கு: ஏபி என்றால் அமெரிக்காவில் பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கும் பாடம்; மே மாதம் அதற்கென்று தனித் தேர்வு உண்டு.

இல்லினாயில் பியோரியாவுக்குப் பக்கத்தில் சின்ன ஊர் எங்களுடையது. மகள் படிக்கும் பள்ளியில் ஏபி கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரின்சிபிள்ஸ் உண்டு. ஜாவா என்ற நிரல்மொழியைச் சொல்லித்தரும் 'ஏ' கிடையாது. சொல்லித்தர ஆளும் இல்லை, சேர ஐந்தாறு பிள்ளைகளுக்கு மேலும் இல்லை. அதனால் 2024 ஆகஸ்டில், பதினோராம் வகுப்பு தொடங்கும்போது ஆன்லைனில் சேர்த்தோம். எனக்குக் கவலையே இல்லை. பதினாறு வருடமாக ஜாவா எழுதிச் சம்பளம் வாங்குகிறவள் நான். வாத்தியார் வீட்டிலேயே இருக்கிறார், அப்புறம் என்ன என்ற திமிர்.

முதல் சில மாதம் அமோகமாகப் போனது. வீடியோ பார்ப்பாள், பயிற்சி எழுதுவாள், பொத்தானை அமுக்குவாள். கம்ப்யூட்டரே திருத்திப் பச்சை டிக் போட்டுவிடும். மார்க் பக்கத்தில் 97, 98 என்று இருக்கும். நானும் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விடுவேன்.

ஜனவரியில் அரேலிஸ்ட், அதாவது ஜாவாவில் பட்டியல் வைக்கும் பாடம் வந்தது. ஒரு பட்டியலிலிருந்து குறிப்பிட்ட பெயரை எல்லாம் நீக்க வேண்டும் என்பது பயிற்சி. டிக் விழுந்துவிட்டது. அன்றைக்குத்தான் தற்செயலாகப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் எழுதிய கோடை, அதாவது நிரலைப் படித்தேன். ஜாவாவில் முதல் இடத்துக்கு எண் பூஜ்யம். அங்கிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே லூப் ஓடுகிறது, பெயர் பொருந்தினால் நீக்குகிறது, எண்ணை ஒன்று கூட்டுகிறது. "அதே பெயர் அடுத்தடுத்து ரெண்டு வந்தா என்ன ஆகும்?" என்றேன். "அதான் டிக் போட்டிருச்சேம்மா" என்றாள்.

ஐந்து எவர்சில்வர் டம்ளர்களை மேசையில் வரிசையாக வைத்தேன். இரண்டாவதையும் மூன்றாவதையும் கவிழ்த்துவிட்டு, கவிழ்ந்ததை எல்லாம் எடு, உன் லூப் சொல்கிறபடியே எடு என்றேன். விரலை நகர்த்திக்கொண்டு வந்தாள். பூஜ்யம், நேராக இருக்கிறது. ஒன்று, கவிழ்ந்திருக்கிறது, எடுத்தாள். ஒன்றை நீக்கினால் மற்றதெல்லாம் இடம் நகரும் அல்லவா, மீதி டம்ளர்களை இடதுபக்கம் தள்ளினேன். அவள் விரல் இரண்டுக்குப் போனது. இன்னொரு கவிழ்ந்த டம்ளர் ஒன்றாம் இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது. அதை யாருமே தொடவில்லை.

கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ எப்படிம்மா டிக் போட்டுச்சு?"

எப்படி என்றால், அவர்கள் வைத்திருந்த சோதனைப் பட்டியலில் ஒரே பெயர் அடுத்தடுத்து வரவே இல்லை. அவ்வளவுதான். அன்றிரவே பழைய பயிற்சிகளைத் தோண்டினோம். இரண்டு ஸ்ட்ரிங்குகளை, அதாவது சொற்களை, எழுத்துகளைப் பார்க்கும் ஈக்வல்ஸால் ஒப்பிடாமல், இரண்டும் ஒரே பொருளா என்று மட்டும் பார்க்கும் இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டது மட்டும் நாலு இடத்தில். அதற்கும் டிக். மேற்கோள் குறிக்குள் நேராக எழுதிய சொற்களை ஜாவா ஒரே பொருளாக வைத்துக்கொள்வதால், அந்தத் தவறு சின்னச் சோதனைகளில் தப்பித்துவிடும்.

வகுப்பறையில் இருந்தால் பின்னால் நடந்துபோகும் டீச்சர் "இங்க ஏன் இப்படி எழுதின?" என்று கேட்டிருப்பார். ஆன்லைனில் நாமாகப் போய்க் கேட்க வேண்டும். ஆனால் கேட்பதற்கு முதலில் நமக்குத் தெரியாது என்பது தெரிய வேண்டுமே! டிக் வாங்கிய பிள்ளை எதைக் கேட்கும்? கேட்ட ஒன்றிரண்டு கேள்விக்கும் பதில் மின்னஞ்சல் மூன்று நாள் கழித்து வந்தது. அதற்குள் இவள் அடுத்த பாடத்துக்குப் போயிருந்தாள்.

பரீட்சையோ அப்படியே நேர்மாறு. அவள் எழுதிய 2025 மே தேர்வில் பாதி மதிப்பெண் நான்கு கோடிங் கேள்விகளுக்கு, 90 நிமிடம். அந்த வருடம்தான் முதல்முறையாகப் புளூபுக் செயலியில் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். அதற்கு முன்னால் பென்சிலும் விடைத்தாளும். இரண்டிலும் கோடை ஓட்டிப் பார்க்க முடியாது. பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. ஆசிரியர்கள் படித்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். பத்துத் தடவை அமுக்கிப் பதினோராவது தடவை டிக் வாங்கிப் பழகிய பிள்ளைக்கு அங்கே கை கட்டிப்போட்ட மாதிரிதான்.

பிப்ரவரியிலிருந்து ஞாயிறுதோறும் ஒரு பழைய கேள்வி. தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் தளத்தில் மதிப்பெண் விவரத்தோடு இலவசமாகவே கிடைக்கின்றன. கோடு போட்ட நோட்டு, பென்சில், 22 நிமிடம். நானும் கூடவே எழுதினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, முதல் வாரம் லூப்பின் எல்லையைத் தப்பாகப் போட்டது நான்தான். இத்தனை வருடமும் நிரல் எழுதும் எடிட்டர் செயலி எழுதிக்கொடுத்ததை என் திறமை என்று நினைத்திருக்கிறேன். இன்னொரு நாள் ஆர்வக்கோளாறில் ஸ்ட்ரீம், லாம்டா என்று ஜாவாவின் மேல்நிலை வித்தைகளை இழுத்தேன். "அம்மா, இது சிலபஸ்லயே இல்ல" என்று நோட்டை மூடிவிட்டாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆன்லைனில் பாடம் படித்தால் பரீட்சை தானாக வந்துவிடாது. ஏதோ ஒரு பள்ளி உங்கள் பிள்ளைக்காகத் தேர்வை ஆர்டர் செய்ய வேண்டும், அதுவும் நவம்பர் நடுவுக்குள். தவறினால் கூடுதலாக 40 டாலர், அதற்கும் பள்ளி சம்மதிக்க வேண்டும். நாங்கள் கேட்டபோது "அந்தப் பாடமே எங்களிடம் இல்லையே" என்றுதான் முதல் பதில் வந்தது. பாடம் நடத்தாவிட்டாலும் தேர்வு மட்டும் வைக்கலாம், அதற்கென்று தனிப் பிரிவும், அதில் சேர ஜாயின் கோடு என்ற குறியீடும் உண்டு என்று விளக்கி ஒரு வாரம் மெயில் போட்டேன். ஆர்டர் போனபோது கெடுவுக்கு நாலு நாள்தான் பாக்கி.

குழுவில் ஒருவர் "இந்தக் காலத்தில் பைத்தான் இல்லாமல் ஜாவாவா?" என்று சலித்துக்கொண்டார். இந்தத் தேர்வு 1984இல் பாஸ்கலில் தொடங்கி, சி பிளஸ் பிளஸுக்குப் போய், 2004இல்தான் ஜாவாவுக்கு வந்தது. நாளைக்கு வேறொன்றுக்கும் போகலாம். டம்ளர் கதை எந்த மொழியிலும் அதேதான்.

சரி, எடுக்கலாமா என்றால், எடுக்கலாம். ஆனால் காசு கட்டுவதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: என் பிள்ளை எழுதும் கோடை ஒரு மனிதர் படிப்பாரா, எத்தனை நாளில்? இழுத்து மழுப்பினால் அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். தானே திருத்தும் பயிற்சிதான் வேண்டுமென்றால் கோடிங்பேட், சிஎஸ்ஆசம் என்ற தளங்கள் இரண்டும் இலவசம். 2025-26 முதல் பாடத்திட்டம் வேறு மாறியிருக்கிறது. பத்து யூனிட் நான்காகிவிட்டது, இன்ஹெரிட்டன்ஸ் என்ற பகுதி போய்விட்டது. பழைய வீடியோவையே ஓட்டுகிறார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூலையில் மகளுக்கு 4 வந்தது. சென்னையிலிருந்து பெரியப்பா "அஞ்சுக்கு நாலா, அந்த ஒண்ணு எங்க போச்சு?" என்றார். லூப்பில் விட்டுப்போயிருக்கும் என்றாள்.